ஆஸ்கருக்கு முன்னாடியே சைனா போன கோடம்பாக்கம் மியூசிக்!

ஆஸ்கர் வாங்கினதுக்கு அப்புறம்தான் ரஹ்மான் வெளிநாட்டுப் படம் பண்ணார்னு நினைக்கிறீங்களா? 2003-லயே 'வாரியர்ஸ் ஆஃப் ஹெவன் அண்ட் எர்த்'ங்கிற சீனப் படத்துக்கு இசையமைச்சுட்டார். இயக்குநர் ஹே பிங். தாங் வம்சக் காலத்துல, மேற்கு சீனப் பாலைவனத்துல நடக்கிற கதை. அதுக்கு முந்தின வருஷம் லண்டன் மேடையில 'பாம்பே ட்ரீம்ஸ்'.

நம்ம ஊர்ல படத்தைத் தூக்கி நிறுத்துறதே பாட்டுதான். அங்கே பெரும்பாலும் பிஜிஎம் மட்டும்தான். எந்த சீன்ல இசை வரணும், எந்த நொடியில நிக்கணும்னு இயக்குநரோட உட்கார்ந்து முடிவு பண்ணணும். எங்கே சும்மா இருக்கணும்கிறதும் அதுல அடக்கம். நூத்துக்கணக்குல பிட் போட்டுப் பழகின ரஹ்மான், 'ஸ்லம்டாக் மில்லியனர்'ல இருபதுக்குள்ள முடிச்சுட்டார். 2009-ல அந்தப் பின்னணி இசைக்கு ஒரு ஆஸ்கர், 'ஜெய் ஹோ' பாட்டுக்கு இன்னொண்ணு.

அடுத்து '127 ஹவர்ஸ்'. பாறையில கை சிக்கின ஒருத்தன்தான் கிட்டத்தட்ட முழுப் படமும். பேச்சுத் துணைக்கு ஆளில்லாத இடத்துல இசைக்கு வேலை ஜாஸ்தி. அதுக்கும் ரெண்டு ஆஸ்கர் நாமினேஷன்.

தி.நகர், மயிலாப்பூர்னு கீபோர்டு கிளாஸுக்கு ஓடுறவங்க கவனிங்க. ட்யூன் மட்டும் போதாது பாஸ், நோட்ஸ் எழுதவும் தெரியணும். வெளிநாட்டு ஆர்க்கெஸ்ட்ரா பேப்பரைப் பார்த்துத்தான் வாசிக்கும். ரஹ்மான் 2008-ல சென்னையில ஆரம்பிச்ச கே.எம். இசைக் கல்லூரியிலயும் மேற்கத்திய இசை முக்கியமான பாடம்.