அம்மை கண்ட உடம்பு

மேற்படிப்புக்கு அமெரிக்கா கிளம்பும் பிள்ளைகள் விசாவுக்கு அலைவதோடு இன்னொரு காகிதத்துக்கும் அலைகிறார்கள். பல்கலைக்கழகம் அனுப்பும் தடுப்பூசிப் படிவம் அது. பல படிவங்களில் தட்டம்மை, ஹெபடைடிஸ் வரிசையில் சின்னம்மையும் இருக்கும். இரண்டு தவணை ஊசி போட்ட தேதி வேண்டும். இல்லையென்றால் நோய் வந்துபோனதற்கு டாக்டர் சான்று. அதுவும் இல்லையென்றால் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருப்பதைக் காட்டும் சோதனை முடிவு. அன்று ராத்திரியே ஊருக்குப் போன் போகும்.

"அம்மா, எனக்குச் சின்ன வயசுல அம்மை போட்டுச்சா?"

"போட்டுச்சேப்பா. நீ ரெண்டாங்கிளாஸ் படிக்கிறப்ப, பங்குனித் திருவிழா சமயம். ஒன்பதாம் நாள் தண்ணி ஊத்துனோமே."

"சின்னம்மையா, தட்டம்மையா?"

"அம்மைதாம்ப்பா. அதுல என்ன இருக்கு?"

படிவத்துக்கு இந்தப் பதில் போதாது. பையன் லேபுக்குப் போய் ரத்தம் கொடுக்கிறான். சோதனையில் எதிர்ப்புச் சக்தி இருந்தால் அம்மா சொன்னது சரி. இல்லையென்றால் அவசரமாக இரண்டு ஊசி. ஒரு தலைமுறைக்கு முன்னால் அம்மாவின் ஞாபகமே சான்றிதழாக இருந்தது. தெருவே சாட்சி சொல்லும்.

அந்த ஒன்பது நாள் ஒரு வீடு எப்படி மாறிப்போகும் என்பது நாற்பது வயது தாண்டியவர்களுக்கு மறந்திருக்காது. குளிப்பாட்டும்போதோ சட்டை மாற்றும்போதோ முதுகில் இரண்டு முத்து தெரியும். பாட்டி ஜன்னல் பக்கம் திருப்பிவைத்துப் பார்ப்பாள். பார்த்ததும் குரல் தணிந்துவிடும். "ஆத்தா வந்திருக்கா." அந்த நிமிடத்திலிருந்து அடுப்படியில் தாளிப்புச் சத்தம் கிடையாது, எண்ணெய்ச் சட்டி ஏறாது, மீன்காரம்மா வாசலோடு திரும்பிவிடுவார். நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து. பாயின் மேல் வெளுத்த வேட்டி, வேட்டியின் மேல் வேப்பங்கொழுந்து. அரித்தால் நகம் படக்கூடாது, கொத்தால் வருடிக்கொள்ளலாம். இளநீர், மோர்ச்சோறு, கேப்பைக் கூழ், நுங்குக் காலமானால் நுங்கு. சாயங்காலம் யாராவது மாரியம்மன் தாலாட்டு படிப்பார்கள். வீட்டு ஆண்கள் சவரம் செய்யமாட்டார்கள். வெளியூர் போய்வந்தவர்கள் நேராக உள்ளே வரக்கூடாது. வந்தால் கால் கழுவிக்கொண்டு திண்ணையோடு சரி. தண்ணி ஊற்றும் நாளில் அண்டா நிறைய நீர், அதில் வேப்பிலையும் மஞ்சளும், முற்றத்து வெயிலில் மத்தியானம் வரை. ஒற்றைப்படை நாளாகப் பார்த்து முதல் தண்ணி, பிறகு இரண்டாவது, மூன்றாவது.

இதில் பாதி பொதுச் சுகாதாரம். வேப்பிலைக் கொத்து தெருவுக்கு வைத்த அறிவிப்புப் பலகை. பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர்கூட வேண்டியதில்லை. வாத்தியாருக்கு அம்மை என்று சொல்லியனுப்பினால் போதும், பத்து நாள் பெயரைக் கூப்பிடமாட்டார். கொப்புளம் எல்லாம் பொருக்காகி உலரும்வரை நோய் தொற்றும் என்று இன்று டாக்டர் சொல்கிற கணக்கும் மூன்று தண்ணீர் முடிகிற கணக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆனால் வேப்பிலை தெருவைத்தான் காத்தது. வீட்டுப் பிள்ளைகளைக் காக்க அதற்கு நேரம் கிடைக்கவில்லை. வேரிசெல்லா ஸோஸ்டர் என்கிற இந்த வைரஸ் முதல் முத்து தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே மூச்சுக்காற்றில் பரவ ஆரம்பித்துவிடுகிறது. கொத்து கட்டும்போது தம்பிக்கும் தங்கைக்கும் போய்ச் சேர்ந்தாயிற்று. அதுவரை அம்மை வராதவர்கள் ஒரே கூரையில் இருந்தால் பத்தில் ஒன்பது பேருக்குக்கூட ஒட்டிக்கொள்ளும். உள்ளே போன வைரஸ் வெளியே தெரிய பத்து முதல் இருபத்தொரு நாள். மூத்தவனுக்குத் தண்ணி ஊற்றிய கையோடு அடுத்தவன் படுப்பான். எங்கள் வீட்டில் அக்காவுக்குப் பிறகு நான், எனக்குப் பிறகு தம்பி. தம்பிக்குத்தான் கண் இமையில்கூடக் கொப்புளம். வீட்டுக்குள் பின்னால் வருகிறவர்களுக்கு முத்து அதிகமாக இருக்கும் என்பது மருத்துவ நூல்களிலும் உண்டு. நெருக்கத்தில் உள்ளே போகிற வைரஸின் அளவு கூடுதல்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அம்மை போட்ட குழந்தையின் வீட்டுக்குத் தங்கள் பிள்ளைகளை வேண்டுமென்றே விளையாட அனுப்பிவைக்கிற பழக்கம் இருந்தது. சின்ன வயதிலேயே வந்து தொலையட்டும் என்பதுதான் கணக்கு. நம் ஊரில் அப்படி யாரும் அழைப்பு வைக்கவில்லை. ஒரே அறை, ஒரே பாய், நாலு பிள்ளைகள் என்றிருந்த வீடு அந்த வேலையைத் தானே செய்தது. "எல்லாத்துக்கும் ஒரேயடியா வந்துட்டுப் போகட்டும்" என்று சலித்துக்கொண்ட அம்மாக்களும் உண்டு. வந்துபோன உடம்புக்கு மரியாதையும் இருந்தது. பக்கத்து வீட்டு அத்தை, "எனக்கு வந்துட்டுப் போயாச்சு, நான் பாத்துக்கிறேன்" என்று தைரியமாக உள்ளே வருவார். அம்மை கண்ட உடம்பே அம்மைக்குத் துணை. நோய் எதிர்ப்புச் சக்தி என்று பாடப்புத்தகம் பின்னால் சொல்லிக்கொடுத்ததைத் தெரு முன்பே நடைமுறையில் வைத்திருந்தது.

இவ்வளவு பயபக்தி எதற்கு என்று இன்றைய பிள்ளைகள் கேட்டால், பெரியம்மையைச் சொல்லாமல் பதில் இல்லை. எங்கள் பாட்டி காலத்தில் முதல் கொப்புளத்தைப் பார்த்ததும் மனதில் எழுந்த கேள்வி, இது பெரிசா சின்னதா என்பதுதான். பெரியம்மை முகத்திலும் கைகாலிலும் அதிகம் இறங்கும், உள்ளங்கையையும் விடாது. எல்லாக் கொப்புளமும் ஒரே பருவத்தில் இருக்கும். சின்னம்மை நெஞ்சிலும் முதுகிலும் மொய்க்கும். ஒரே நேரத்தில் ஒரு பக்கம் சிவப்புப் புள்ளி, ஒரு பக்கம் நீர்க்கொப்புளம், ஒரு பக்கம் பொருக்கு. எழுபதுகளில் சுகாதாரப் பணியாளர்கள் பெரியம்மைக் குழந்தையின் படம் போட்ட அட்டையோடு வீடுவீடாக ஏறினார்கள். பெரியம்மையைக் காட்டிக்கொடுத்தால் ஆயிரம் ரூபாய்ச் சன்மானம் என்று சுவரில் எழுதியிருந்தார்கள். 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை தீர்ந்தது, 1977இல் நாடு முழுதும் ஒழிந்ததாக அறிவிப்பு வந்தது, 1980இல் உலகத்துக்கே. கொல்லும் அம்மை போய்விட்டது. அதற்கென்று கட்டிய சடங்கு மட்டும் முழுசாகச் சின்னம்மைக்குச் சொத்தாக வந்துசேர்ந்தது.

அந்தக் காலத்தை மெச்சிக்கொண்டே போக எனக்கு மனம் வரவில்லை. சின்னம்மை பெரும்பாலான குழந்தைகளை விட்டுவைத்தது என்பது உண்மை. நிமோனியா, மூளை அழற்சி, சீழ் பிடித்த புண் என்று முற்றிய பிள்ளைகளை ஆத்தா கோபிப்பாள் என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்காமல் வைத்திருந்ததும் உண்மை. கர்ப்பத்தின் முதல் இருபது வாரத்தில் தாய்க்கு வந்தால் சிசுவின் கை கால், கண், மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும். பிரசவத்தை ஒட்டி வந்தால் பச்சைக்குழந்தையின் உயிருக்கே ஆபத்து. இதெல்லாம் அன்று விதி என்ற ஒரே கணக்கில் எழுதப்பட்டது. ஒன்பது நாள் குளிக்காமல் வைப்பதற்கும் மருத்துவ நியாயம் இல்லை. தினமும் மென்மையாகக் குளிப்பாட்டி, நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள் என்றே இன்றைய டாக்டர் சொல்கிறார். வேப்பிலைத் தண்ணீரை அவர் ஆட்சேபிப்பதில்லை. குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுத்துவிடாதீர்கள் என்பதுதான் அவருடைய கண்டிப்பு. கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரேய் நோய்க்குறிக்கு அது வழிவிடும்.

பெரியவர்களுக்கு வந்தால் அசைக்ளோவிர் மாத்திரை, 800 மில்லிகிராம், நாளைக்கு ஐந்து வேளை. முத்து தெரிந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். அந்த 24 மணி நேரத்தில்தான் இன்றைக்கும் தகராறு நடக்கிறது. ஆண்டிராய்டு போனில் கொப்புளத்தைப் படமெடுத்து டாக்டருக்கு அனுப்புகிற மகனும், அம்மைக்கு மாத்திரை கொடுக்கலாமா என்று பதறுகிற மாமியாரும் ஒரே ஹாலில். எனக்குத் தெரிந்த வீடுகளில் பெரும்பாலும் சமரசம்தான்: மாத்திரை உள்ளே, வேப்பிலை வெளியே.

பெரியவர்களுக்கு வருவது நம் பக்கம் அபூர்வமும் இல்லை. குளிர்நாடுகளில், ஊசி வருவதற்கு முன்பு, பத்து வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு வந்துபோய்விடும். வெப்ப நாடுகளில் இந்த நோய் வயது தள்ளி வருகிறது. வெயிலும் புழுக்கமும் வைரஸின் வேகத்தைக் குறைப்பது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அதனால் சிறுவயதில் தப்பித்து, கல்லூரி விடுதியிலோ வேலைக்கு வந்த ஊரில் நாலு பேரோடு எடுத்த வாடகை அறையிலோ படுக்கிறவர்கள் இங்கே எப்போதும் உண்டு. குழந்தைக்கு ஒரு வாரச் சங்கடமாகப் போவது முப்பது வயதுக்காரருக்கு நுரையீரல் வரை இறங்கலாம். இப்போது அந்தப் பெரிய பாயும் இல்லை. ஒற்றைப் பிள்ளை, தனி அறை, அபார்ட்மென்ட். அம்மையைக் கடனாகக் கொடுக்க அக்கா இல்லை.

அந்த இடத்துக்கு ஊசி வந்தது. அதன் பிறப்பும் ஒரு வீட்டில்தான். 1964இல் ஜப்பானிய மருத்துவர் மிச்சியாக்கி தகஹாஷி அமெரிக்காவில் டெக்ஸாஸில் ஆராய்ச்சியில் இருந்தபோது அவருடைய மூன்று வயது மகனுக்கு அம்மை போட்டது. பக்கத்து வீட்டுக் குழந்தையிடமிருந்து வந்தது. காய்ச்சலில் மூச்சுத் திணறிய மகன் அருகில் கண்விழித்து உட்கார்ந்திருந்தவர், ஒசாகாவுக்குத் திரும்பி வைரஸை வலுக்குன்ற வளர்க்கும் வேலையில் இறங்கினார். 1974இல் ஊசியைப் பற்றிய கட்டுரை வெளியானது. எந்தச் சிறுவனின் கொப்புளத்திலிருந்து வைரஸை எடுத்தாரோ அவனுடைய குடும்பப் பெயரான ஓகா என்பதே அந்த வைரஸ் வகைக்கும் பெயர். அமெரிக்கா 1995இல் ஊசியை ஏற்றது. அதற்கு முன்பு ஆண்டுக்கு ஏறக்குறைய 40 லட்சம் பேருக்கு அம்மை வந்து, 100 முதல் 150 பேர் இறந்துகொண்டிருந்த நாடு அது. ஒரு தவணை போட்டும் பள்ளிகளில் அங்கங்கே வந்ததால் 2006 முதல் இரண்டு தவணையாக்கினார்கள்.

இங்கே நிலைமை வேறு. இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர்களின் சங்கம் பதினைந்தாம் மாதத்தில் முதல் ஊசியைப் பரிந்துரைக்கிறது, பிறகு இரண்டாவது. ஆனால் அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் அது இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி கிடைக்கும். சின்னம்மை ஊசி தனியார் கிளினிக்கில், ஒரு தவணை ஈராயிரம் ரூபாய் அளவில். வாங்க முடிந்தவர் போடுகிறார்.

போடுகிறவர் போடட்டும், மற்றவர்களுக்கு நஷ்டம் என்ன என்று தோன்றும். நஷ்டம் உண்டு. ஒரு ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு ஊசி போட்டால் அம்மை நிற்பதில்லை, சுற்றும் வேகம்தான் குறைகிறது. ஊசி போடாத பிள்ளை ஏழு வயதில் சந்தித்திருக்க வேண்டிய வைரஸை இருபத்திரண்டு வயதில் சந்திக்கிறது. பெண்ணாக இருந்தால் ஒருவேளை கர்ப்பிணியாக. இந்தக் காரணத்துக்காகவே, திட்டத்தில் சேர்த்தால் நூற்றுக்கு 80 குழந்தைகளுக்காவது தொடர்ந்து போடுகிற வசதி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அன்று அம்மைக்கு ஏழை பணக்காரர் தெரியாது. மிராசுதார் வீட்டு வாசலிலும் வேப்பிலை தொங்கும். இன்று ஊசியின் விலை அந்த வேறுபாட்டைக் கற்றுக்கொடுத்துவிட்டது. போடுவதென்றால் எல்லாப் பிள்ளைக்கும் போட வேண்டும். அரையும் குறையுமாக விட்டுவைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான ஏற்பாடு என்பது என் கட்சி.

வந்துபோன அம்மை முழுதாகப் போவதுமில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் வைரஸ் ஒடுங்கிக் கிடந்து, வயதாகி எதிர்ப்புச் சக்தி தளரும்போது ஒரு பக்க விலாவிலோ நெற்றியிலோ எரிச்சலோடு கொத்தாகக் கிளம்பும். அதுதான் அக்கி. அன்று அக்கி கண்டால் குயவர் வீட்டுக்குப் போவார்கள். அவர் காவியைக் குழைத்துப் புண்ணைச் சுற்றிச் சிங்கம் எழுதிவிடுவார். அம்மையையும் அக்கியையும் ஊர் வேறு வேறு கணக்கில் வைத்திருந்தது. ஹங்கேரியில் போக்காய் என்ற குழந்தை மருத்துவர், அக்கி வந்த பெரியவர் இருக்கும் வீட்டில் குழந்தைகளுக்கு அம்மை வருவதைக் கவனித்து 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே இரண்டையும் முடிச்சுப்போட்டார். ஒரே வைரஸ்தான் என்பதை 1950களில் தாமஸ் வெல்லர் ஆய்வகத்தில் காட்டினார்.

இங்கிலாந்தின் சைரன்செஸ்டரில் ஊர் டாக்டராக இருந்த எட்கர் ஹோப்-சிம்ப்சன், தன் நோயாளிகளின் பதிவுகளைப் பல ஆண்டுகள் தொகுத்து 1965இல் ஒரு கருத்தை வைத்தார். அம்மை போட்ட குழந்தைகளோடு பழகுகிற பெரியவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி அவ்வப்போது புதுப்பிக்கப்படுகிறது, அக்கி தள்ளிப்போகிறது என்றார். பேரனுக்கு அம்மை போட்டால் பக்கத்தில் படுத்துப் பார்த்துக்கொள்ளும் நம் பாட்டிக்கு இது பொருந்தும். குழந்தைகளின் அம்மையை ஊசியால் ஒழித்தால் தாத்தா பாட்டிகளுக்கு அக்கி பெருகுமோ என்ற இந்தத் தயக்கத்திலேயே பிரிட்டன் பல ஆண்டு ஊசியைத் தள்ளிவைத்தது. அமெரிக்க அனுபவம் அந்த அச்சத்தை மெய்ப்பிக்கவில்லை. 2026 ஜனவரியில் பிரிட்டனும் குழந்தைகள் அட்டவணையில் சேர்த்துக்கொண்டது. அக்கிக்கே தனி ஊசியும் வந்துவிட்டது. ஐம்பது வயதுக்கு மேல் இரண்டு தவணை, இந்தியாவில் 2023 முதல். அதுவும் காசுள்ளவர் சரக்குதான், குழந்தை ஊசியைவிடப் பல மடங்கு விலை.

தடுப்பூசியில் இருக்கும் ஓகா வைரஸும் உயிருள்ளதே, நரம்பில் ஒடுங்கக்கூடியதே. ஆனால் ஊசி போட்ட பிள்ளைகளுக்கு அக்கி வருவது, அம்மை வந்த பிள்ளைகளைவிட வெகு குறைவு என்று இதுவரையான அமெரிக்கக் கணக்குகள் காட்டுகின்றன. அந்த நாட்டில் 1995இல் முதலில் ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளுக்கு இப்போதுதான் முப்பதைத் தாண்டிய வயது. அவர்கள் அக்கி வரும் வயதை எட்ட இன்னும் ஏறக்குறைய இருபது வருஷம் இருக்கிறது.