உழைப்பாளியின் பூட்ஸ்

கனத்த தோல், தடித்த அடிப்பாகம், கணுக்காலை மூடும் உயரம் — இத்தகைய பூட்ஸுகளை இன்று நகரத்து இளைஞரும் யுவதிகளும் சினிமாவுக்கும் விருந்துக்கும் அணிந்து செல்கின்றனர். நாள்தோறும் இரயில்வே பணிமனை வாயிலைக் கடந்து செல்லும் நமக்கோ, அவற்றைக் கண்டவுடன் இரும்படிப்போரின் நினைவே எழுகிறது. அந்நினைவு பிழையன்று.

1945-இல் கிளௌஸ் மார்ட்டென்ஸ் என்னும் ஜெர்மன் இராணுவ வைத்தியர் பனிச்சறுக்கு விளையாட்டில் கணுக்காலில் காயமுற்றார். இராணுவ பூட்ஸ் காலை வருத்தவே, காற்று அடைபட்ட மெத்தென்ற இரப்பர் அடிப்பாகம் ஒன்றைத் தாமே அமைத்துக்கொண்டார். ஹெர்பர்ட் ஃபங்க் என்ற நண்பருடன் கூடி 1947-இல் உற்பத்தியைத் தொடங்கினார். ஆரம்பத்தில் அவற்றை விரும்பி வாங்கியோர் பெரும்பாலும் நாற்பது வயதைக் கடந்த மாதர்கள் என்பது வேடிக்கையே!

பின்னர் உரிமையைப் பெற்ற இங்கிலாந்தின் கிரிக்ஸ் குடும்பத்தார், நார்தாம்ப்டன்ஷயரிலுள்ள வொல்லாஸ்டன் என்ற ஊரில், எட்டு ஜோடித் துளைகளும் மஞ்சள் நூல் தையலும் கொண்ட பூட்ஸைச் செய்து 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி வெளியிட்டனர். அதன் பெயரான ‘1460’ அத்தேதியையே குறிப்பது. விலை சுமார் இரண்டு பவுன். தபால்காரர்களும் ஆலைத் தொழிலாளரும் அணிந்தனர். சில ஆண்டுகளில் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள், தாம் பிறந்த குலத்தின் பெருமையைக் காட்டுவார் போல், அதையே அணிந்து வீதியில் உலாவினர். பீட் டவுன்ஷெண்ட் என்ற இசைக்கலைஞர் அதனுடன் மேடையேறினார். அப்பால் சொல்ல வேண்டுமா! அமெரிக்காவிலும் இதே கதைதான். 1973-இல் நீர் புகாத தொழில் பூட்ஸாக வந்த டிம்பர்லேண்டின் மஞ்சள் பூட்ஸ், 1990-களில் நியூயார்க் ராப் பாடகரின் அணிகலனாயிற்று.

2003-இல் மார்ட்டென்ஸ் பூட்ஸின் உற்பத்தியில் பெரும்பகுதி ஆசியாவுக்குப் பெயர்ந்தது. வொல்லாஸ்டனில் பலர் வேலை இழந்தனர். தபால்காரருக்காகச் செய்த அப்பொருள் இன்று நம் நாட்டில் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் விற்கிறது.

நிற்க. வேலை தேடி வந்த நம் பிள்ளைகள் பலர் பட்டறைகளில் உள்ளனர். தோற்றத்தை நம்பி நாகரிக பூட்ஸையோ, அதன் மலிவான போலியையோ அணிந்து பளுவான வேலைக்குச் செல்வது அபாயம். இந்திய நியமமாகிய ஐ.எஸ். 15298-இன் இரண்டாம் பகுதிப்படி, பாதுகாப்புப் பாதரட்சையின் விரற்கவசம் 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். அதாவது, இருபது கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் அடி. அந்த எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உள்ளனவா என்று பார்த்து வாங்குக. கடைக்காரர் “எல்லாம் ஒன்றுதான்” என்பார். முன்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்துக. அமுங்கினால் உள்ளே கவசம் இல்லை.