விற்ற கேமராவும் வந்த புகாரும்



பழைய பொருளை விற்பது இப்போது மிகவும் சுலபமாகிவிட்டது. செல்போனில் நான்கு படம் எடுத்து, இரண்டு வரி எழுதிப் போட்டால் மாலைக்குள் ஒருவர் விலை கேட்டுவிடுகிறார். ஆனால் விற்ற பிறகு புகார் வந்தால் எப்படி நடந்துகொள்வது என்று நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. அண்மையில் நம் அலுவலகத்திற்கு வந்த ஒரு விவகாரத்தை, இரு தரப்பின் சம்மதத்துடன் பெயர் சொல்லாமல் இங்கே எழுதுகிறோம்.

நடந்தது என்ன?

நம் மஹல்லாவைச் சேர்ந்த தம்பி ஒருவர், நிக்காஹ் வீடுகளுக்குப் படம் எடுத்து வந்தவர். தங்கையின் கல்லூரிக் கட்டணத்திற்காகத் தம்முடைய கேமராவையும் லென்ஸையும் 26,000 ரூபாய்க்கு இணையம் வழியாக விற்றார். "நல்ல நிலையில் உள்ளது, எந்தக் குறையும் இல்லை" என்று விளம்பரத்தில் எழுதியிருந்தார். கூரியரில் பொருள் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் நாள் வாங்கியவரிடமிருந்து செய்தி வந்தது: ஃபோகஸ் சில நேரம் பிடிக்கவில்லை, லென்ஸுக்குள் நூல் போல வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறது, பணத்தைத் திருப்பித் தாருங்கள்.

தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் அனுப்பும்போது நன்றாகத்தான் இருந்தது, நீங்கள்தான் கீழே போட்டிருப்பீர்கள்" என்று பதில் எழுதினார். வார்த்தை தடித்தது. வாங்கியவர் காவல் நிலையம் போவதாகச் சொன்னார். மக்ரிபுக்குப் பிறகு தம்பி நம்மிடம் வந்தார்.

நாம் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டோம்: "லென்ஸில் அந்தப் படிவு இருந்தது உங்களுக்கு முன்பே தெரியுமா?" சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "மழைக்காலத்தில் ஓரத்தில் கொஞ்சம் பார்த்தேன். படத்தில் ஒன்றும் தெரியவில்லை, அதனால் சொல்லவில்லை." அவரைத் தயங்க வைத்தது வேறொன்று. வந்த பணத்தில் 20,000 ரூபாயைக் கல்லூரியில் கட்டிவிட்டிருந்தார்.

வாங்கியவரிடமும் பேசினோம். அவரும் வசதியானவர் அல்லர். படம் எடுக்கும் தொழிலில் இறங்குவதற்காகக் கடன் வாங்கியிருந்தார். அடுத்த வாரம் அவருக்கு முதல் நிகழ்ச்சி.

முதல் நாள் செய்ய வேண்டியவை

புகாரைப் படித்த உடனே பதில் எழுத வேண்டாம். அதற்காக நாள்கணக்கில் மௌனமாகவும் இருக்க வேண்டாம். பதில் வராவிட்டால் ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் எதிர்த்தரப்பு நினைக்கும். அன்றைக்குள், "உங்கள் செய்தி கிடைத்தது. பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று மரியாதையாக ஒரு வரி அனுப்புங்கள்.

பிறகு விவரம் கேளுங்கள். எப்போது கோளாறு தெரிகிறது? வேறு லென்ஸ், வேறு மெமரி கார்டு போட்டுப் பார்த்தாரா? பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆகியிருந்ததா? படமும் சிறிய வீடியோவும் கேளுங்கள். கேமராவின் அடியிலோ பின்புறமோ உள்ள சீரியல் எண்ணையும் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் விற்ற அதே கேமராவைப் பற்றித்தான் பேசுகிறோம் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

விளம்பரத்தையும், பேசிய செய்திகளையும், கூரியர் ரசீதையும் அழிக்காமல் வைத்திருங்கள். உங்கள் விளம்பரத்தை நீங்களே ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். வாங்கியவர் அந்த வார்த்தைகளை நம்பித்தான் பணம் அனுப்பினார்.

குறை எந்த வகை?

எல்லாப் புகாரும் ஒன்றல்ல. சில நேரம் அது பழக்கமின்மை. லென்ஸில் உள்ள ஃபோகஸ் பொத்தான் கைமுறைக்கு மாறியிருந்தாலே தானாக ஃபோகஸ் ஆகாது. லென்ஸும் கேமராவும் சேரும் இடத்திலுள்ள உலோகப் புள்ளிகளில் அழுக்கு படிந்தாலும் இணைப்பு விட்டுவிட்டு வரும். உலர்ந்த மென்மையான துணியால் துடைத்தாலே பல நேரம் சரியாகும்.

சில நேரம் அது வழியில் ஏற்பட்ட சேதம். அப்போது கூரியர் நிறுவனத்திற்குத் தாமதிக்காமல் எழுத வேண்டும். பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருந்தால் உதவும்.

சில குறைகள் நாள்பட்டவை. கடைக்காரர்கள் ஃபங்கஸ் என்று சொல்லும் பூஞ்சை ஈரக்காற்றில் மெல்ல வளர்வது. இரண்டு மூன்று நாளில் வலைபோலப் படர்ந்துவிடாது. ஆகவே பொருள் கைக்குப் போன மூன்றாம் நாளில் படர்ந்த பூஞ்சை தெரிந்தால், அது விற்றவரிடம் இருந்தபோதே தொடங்கியது என்றே கொள்ள வேண்டும்.

இந்த விவகாரத்தில் இருவரும் ஒப்புக்கொண்ட ஒரு கேமரா மெக்கானிக்கிடம் பொருளைக் காட்டச் சொன்னோம். ஃபோகஸ் கோளாறு உலோகப் புள்ளி அழுக்கால் வந்தது. அது அங்கேயே சரியானது. பூஞ்சை பழையது. சுத்தம் செய்ய 1,500 ரூபாய் ஆகும், ஆனாலும் கண்ணாடிப் பூச்சில் இலேசான தடம் நிற்கலாம் என்றார்.

மார்க்கமும் சட்டமும்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரமாக இருப்பதைக் கண்ட சம்பவம் நாம் அறிந்ததே. மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னபோது, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். தானியம் நனைந்தது வியாபாரியின் குற்றமன்று. நனைந்ததைக் காட்டாததுதான் குற்றம். லென்ஸில் பூஞ்சை பிடித்ததும் தம்பியின் குற்றமன்று.

மறைந்திருந்த பழைய குறை வெளிப்பட்டால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்று மார்க்க அறிஞர்கள் விளக்கியுள்ளனர். இருவரும் மனமொப்பினால் பொருளை வைத்துக்கொண்டு விலையைக் குறைத்துக்கொள்ளவும் செய்யலாம். உங்கள் விவகாரத்தின் நுணுக்கங்களுக்கு உள்ளூர் ஆலிமைக் கலந்துகொள்ளுங்கள்.

நாட்டுச் சட்டத்திலும் இதற்கு இடமுண்டு. 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டப்படி, வர்ணனையைச் சொல்லி விற்ற பொருள் அந்த வர்ணனைக்கு ஒத்திருக்க வேண்டும். ஒரு விஷயத்தைத் தெரிந்தே மூடி மறைப்பதை 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் மோசடியில் சேர்க்கிறது. பேசித் தீராத விவகாரங்களை வட்ட சட்டப் பணிகள் குழு வழியாக மக்கள் நீதிமன்றத்திற்குக் கொண்டு போகலாம். அதற்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை. இலவச சட்ட உதவிக்கான தேசிய தொலைபேசி எண் 15100.

பணம் திருப்பும்போது கவனம்

எல்லாப் புகாரும் உண்மையாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது. நல்ல கேமராவை வைத்துக்கொண்டு, பழுதான வேறொன்றைத் திருப்பி அனுப்புபவர்களும் இருக்கிறார்கள். பொருள் கைக்கு வந்து, சீரியல் எண்ணைச் சரிபார்த்த பிறகே முழுப் பணத்தைத் திருப்புங்கள். எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்கிற்கு அனுப்புங்கள். தீர்வை இரண்டு வரியில் எழுதி இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள்.

நமக்குப் பணம் வருவதற்கு நாம் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யவோ, யுபிஐ பின் போடவோ தேவையே இல்லை. அப்படி யாராவது கேட்டால் அது திருட்டு. பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

விற்பதற்கு முன்

லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். பூஞ்சையும் கீறலும் தெரிந்துவிடும். வெள்ளைச் சுவரைச் சிறிய துவாரத்தில் படம் எடுத்தால் சென்சார் தூசி புள்ளியாகத் தெரியும். ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்பதைப் பார்க்க வழியிருந்தால் அதையும் எழுதுங்கள். தொடக்கநிலைக் கேமராக்கள் பலவற்றில் ஏறக்குறைய ஒரு லட்சம் முறை என்று கணக்கு வைப்பார்கள். கண்ட குறையைப் படம் எடுத்து விளம்பரத்திலேயே போடுங்கள். விலை சற்றுக் குறையும், ஆனால் இரவில் நிம்மதியாகத் தூங்கலாம்.

எப்படி முடிந்தது?

தம்பி தாமே போன் செய்து, "அந்தப் படிவை நான் முன்பே பார்த்தேன் அண்ணே, சொல்லாதது என் தப்பு" என்றார். பொருளைத் திருப்பினால் 26,000 ரூபாயும் தருவதாகச் சொன்னார். கையில் இல்லாத தொகைக்கு நம் வட்டியில்லாக் கடனிலிருந்து உதவுவதாக நாம் முன்பே கூறியிருந்தோம். ஆனால் அதற்குத் தேவை வரவில்லை. வாங்கியவர் கேமராவை வைத்துக்கொள்வதாகச் சொல்லி, சுத்தம் செய்யும் செலவு 1,500 ரூபாயும், தடம் நிற்பதற்காக 1,000 ரூபாயும் கேட்டார். 2,500 ரூபாய் அன்றே போய்ச் சேர்ந்தது.

இப்போது தம்பிக்கு வேலை அதிகமாக வரும் நாட்களில் அந்தச் சகோதரர்தான் துணைக்கு வருகிறார், அதே கேமராவுடன்.

இதுபோன்ற விவகாரம் உங்கள் வீட்டில் இருந்தால், வார்த்தை தடிக்கும் முன்பே அலுவலகத்திற்கு வாருங்கள். உட்கார்ந்து பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.