எஞ்சினை எங்கே வைப்பது?

இத்தாலியின் வடக்கே, ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் டூரின் என்றொரு நகரம் இருக்கிறது. 1899இல் ஃபியட் கார் நிறுவனம் பிறந்த ஊர் அது. அந்த நிறுவனம் செய்த இரண்டு கார்களை முதலில் உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன்.

ஒன்று, 1969இல் வந்த ஃபியட் 128. அப்பா, அம்மா, பிள்ளைகள், மூட்டை முடிச்சு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போகும் குடும்பக் கார். இன்னொன்று, 1972இல் வந்த ஃபியட் எக்ஸ் 1/9. தரையோடு தாழ்ந்த உடல், கூர்மையான மூக்கு, இரண்டே இரண்டு இருக்கை. வெயில் காய ஆசைப்பட்டால் கூரையையே கழற்றிவிடலாம்.

பார்த்தால் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் இரண்டின் நீளமும் ஏறக்குறைய ஒன்றே, 3.8 மீட்டர். இரண்டிலும் இருப்பது ஒரே குடும்பத்து எஞ்சின். முன்பு ஃபெராரி பந்தயக் கார்களுக்கு எஞ்சின் வடிவமைத்த அவுரேலியோ லாம்ப்ரெடி என்ற பொறியாளர் உருவாக்கியது அது.

128இல் அந்த எஞ்சின் முன்சக்கரங்களின் பக்கம், பானெட்டுக்குள் இருந்தது. எக்ஸ் 1/9இல் அதை இருக்கைகளுக்குப் பின்னால், பின்சக்கரங்களுக்குச் சற்று முன்னால் கொண்டுபோய் வைத்தார்கள். எஞ்சின் இடம் மாறியதும் காரின் குணமே மாறிவிட்டது. ஏன் மாறியது என்பதுதான் இன்று நாம் பார்க்கப்போகும் அறிவியல்.

காரைத் திருப்புவது யார்?

ஸ்டியரிங்கைத் திருப்பினால் கார் திரும்பும். ஆனால் அதற்கான விசையைத் தருவது சாலைதான். ஓடும் கார் நேராகவே ஓடப் பார்க்கும். நிலைமம் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அதை வளைவுக்குள் இழுக்க, பக்கவாட்டில் ஒரு விசை வேண்டும். டயருக்கும் தரைக்கும் நடுவிலுள்ள உராய்வு அந்த விசையைத் தருகிறது. ஒரு டயர் தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ உங்கள் அப்பாவின் உள்ளங்கை அளவுதான். நான்கு உள்ளங்கை அளவு ரப்பரை நம்பித்தான் ஒரு முழுக் கார் வளைவில் ஓடுகிறது.

வேகம் கூடினால் இந்த ரப்பரின் வேலை எவ்வளவு கூடும்? ஒரே வளைவில் மணிக்கு 30 கிலோமீட்டருக்குப் பதில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால், தேவைப்படும் விசை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு! உராய்வு அந்த அளவுக்கு ஈடுகொடுக்க முடியாவிட்டால் டயர் நழுவும்.

இத்தாலியர்கள் இதையெல்லாம் உன்னிப்பாகக் கவனித்ததில் வியப்பில்லை. அவர்களுடைய ஆல்ப்ஸ் மலையில் ஸ்டெல்வியோ கணவாய் இருக்கிறது. 2,757 மீட்டர் உயரத்துக்கு ஏறும் அந்தச் சாலையின் வடபுறத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே ஓட்டுபவருக்கு, கார் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதைவிட, ஸ்டியரிங் சொன்னபடி கேட்குமா என்பது முக்கியம்.

ஒரு கம்பு, இரண்டு பாட்டில்

இப்போது ஒரு சோதனை. ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பு, தண்ணீர் நிரப்பிய அரை லிட்டர் பாட்டில் இரண்டு, கொஞ்சம் கயிறு எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டில்களைக் கம்பின் நடுப்பகுதிக்கு அருகே, பக்கத்துக்கு ஒன்றாக இறுகக் கட்டுங்கள். கம்பை நடுவில் பிடித்து, மணிக்கட்டை இடமும் வலமும் விரைவாகத் திருப்புங்கள். எளிதாகத் திரும்புகிறதா? இனி அதே பாட்டில்களை இரு முனைகளுக்கும் நகர்த்திக் கட்டிவிட்டு மறுபடி திருப்புங்கள். கம்பு உங்கள் கையை எதிர்க்கும். திருப்பத் தொடங்குவதும் கடினம், தொடங்கிய பிறகு நிறுத்துவதும் கடினம்.

எடையில் ஒரு கிராம்கூடக் கூடவில்லை. எடை இருக்கும் தூரம் மட்டுமே கூடியது. நடுவிலிருந்து இரண்டு மடங்கு தூரத்தில் வைத்தால் அந்த எடை திரும்புவதற்குக் காட்டும் எதிர்ப்பு நான்கு மடங்காகும். இதற்கு நிலைமத் திருப்புத்திறன் என்று பெயர்.

எக்ஸ் 1/9 காரை வரைந்தவர் பெர்டோனே வடிவமைப்பு நிறுவனத்தின் மார்செல்லோ காந்தினி. அந்தக் காரில் எஞ்சின், பெட்ரோல் டேங்க், மாற்றுச் சக்கரம் ஆகிய மூன்றும் இரண்டு அச்சுகளுக்கும் நடுவிலேயே அடங்கியிருந்தன. பாட்டில்களை நடுவில் கட்டிய கம்பு போலத்தான் அது. ஸ்டியரிங்கைத் தொட்டதும் மூக்கு வளைவுக்குள் திரும்பிவிடும்.

ஆனால் காரின் நடுப்பகுதியில்தானே மனிதர்களும் உட்கார வேண்டும்? அந்த இடத்தில் பாதியை எஞ்சின் பிடித்துக்கொண்டதால் பின்னிருக்கைக்கு இடமே இல்லாமல் போயிற்று. பெட்டி வைக்க மட்டும் வழி கண்டுபிடித்தார்கள். முன்னால் ஒரு டிக்கி, எஞ்சினுக்குப் பின்னால் இன்னொரு டிக்கி. கழற்றிய கூரையை முன் டிக்கியில் வைத்துக்கொள்ளலாம்.

128இன் தலைமைப் பொறியாளர் தாந்தே ஜாக்கோசா நேர்மாறான வழியில் போனார். எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி, அதன் ஓரத்திலேயே கியர்பாக்ஸைப் பொருத்தி, முன்சக்கரங்களையே ஓட வைத்தார். மாற்றுச் சக்கரமும் பானெட்டுக்குள்ளேயே போனது. மீதி இடமெல்லாம் பயணிகளுக்கும் பெட்டிகளுக்கும். இந்த அமைப்பு அவ்வளவு பயனுள்ளதாக இருந்ததால், இன்று உலகத்துச் சிறிய கார்களில் பெரும்பாலானவை இதே முறையில்தான் செய்யப்படுகின்றன. விலை இல்லாமல் இது கிடைத்துவிடவில்லை. முன்பக்கம் கனமாகிவிடுகிறது. திருப்புவது, இழுப்பது ஆகிய இரண்டு வேலையும் முன் டயர்களின் தலையில் விழுகிறது. வேகமாக வளைவுக்குள் நுழைந்தால் முன் டயர்கள் முதலில் நழுவி, கார் வளைவின் வெளிப்புறமாக அகலப் போகும்.

ஸ்ட்ராட்டோஸும் டெல்டாவும்

எடையை நடுவில் குவிப்பதை அதன் எல்லைவரை கொண்டுபோன கார் லான்சியா ஸ்ட்ராட்டோஸ். மலைச்சாலை, பனி, மண்பாதை என்று ஓடும் ரேலி பந்தயத்துக்காகவே பிறந்தது. இதையும் வரைந்தவர் காந்தினிதான். இருக்கைகளுக்குப் பின்னால் 2.4 லிட்டர் ஃபெராரி எஞ்சின். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி 2.18 மீட்டர்தான், குடும்பக் காரான 128இல்கூட அது 2.45 மீட்டர். 1974, 1975, 1976 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் உலக ரேலி பட்டத்தை ஸ்ட்ராட்டோஸ் வென்றது. சாண்ட்ரோ முனாரி என்ற இத்தாலிய வீரர் இதை ஓட்டி, புகழ்பெற்ற மான்டி கார்லோ ரேலியில் மூன்று முறை அடுத்தடுத்து வெற்றி பெற்றார்.

சட்டென்று திரும்பும் கார் சட்டென்று சுழலவும் செய்யும் என்பதை மறக்காதீர்கள். பின் டயர் கொஞ்சம் நழுவினாலும் உடனே எதிர்த்திசையில் ஸ்டியரிங்கைத் திருப்பிச் சரிசெய்யத் தெரிந்த கைகள் ஸ்ட்ராட்டோஸுக்குத் தேவைப்பட்டன. அன்றாடப் பயன்பாடு எப்படி? கதவின் உட்புறத்தில் ஹெல்மெட் வைக்க அகலமான பள்ளம் செய்திருந்தார்கள். அந்தக் கார் யாரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

பிறகு அதே லான்சியா நிறுவனம் இன்னொரு காரோடு வந்தது. அதன் பெயர் டெல்டா. ஜோர்ஜெத்தோ ஜுஜாரோ வரைந்து 1979இல் வெளிவந்த இது, பின்புறம் முழுதாகத் திறக்கும் ஐந்து கதவுக் குடும்பக் கார். எஞ்சின் முன்னால், குறுக்காக. நம் கம்புச் சோதனைப்படி பார்த்தால் பந்தயத்துக்கு ஏற்ற அமைப்பே இல்லை. ஆனால் 1987 முதல் 1992 வரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து உலக ரேலி பட்டம் டெல்டாவுக்குத்தான்!

இதை எப்படிச் சாதித்தது? 1987இல் பந்தய விதிகள் மாறின. குறைந்தது 5,000 கார்களாவது செய்யப்பட்ட மாடல்தான் முதன்மைப் போட்டியில் ஓடலாம் என்றானது. எனவே ஸ்ட்ராட்டோஸ் போன்ற அபூர்வக் கார்களுக்கு வழி அடைபட்டது. டெல்டாவின் நான்கு சக்கரங்களுக்கும் லான்சியா பொறியாளர்கள் எஞ்சின் சக்தியைக் கொடுத்தார்கள்.

ஒரு டயரிடம் உள்ள பிடிமானத்துக்கு ஓர் எல்லை உண்டு. காரை முன்னே தள்ளவும் பக்கவாட்டில் திருப்பவும் அந்த ஒரே பிடிமானம்தான் செலவாகிறது. இரண்டு சக்கரங்களே தள்ளினால், பனியிலும் சரளைக்கல்லிலும் அவற்றிடம் திருப்புவதற்கு மிச்சம் ஒன்றும் இருக்காது. நான்கும் தள்ளினால் வேலை பங்காகிறது. பின்னாளில் வந்த 16 வால்வு டெல்டாவில் சக்தியின் 47 விழுக்காடு முன்சக்கரங்களுக்கும் 53 விழுக்காடு பின்சக்கரங்களுக்கும் போனது. முன் டயர்களின் சுமை குறைந்ததும் அவை நன்றாகத் திருப்பின. அதற்காகக் கூடுதல் தண்டுகளையும் பல்சக்கரங்களையும் எந்நேரமும் சுமக்க வேண்டியிருந்தது. பெட்ரோலும் கூடுதலாகச் செலவானது. ஆனால் பின்னிருக்கையில் பிள்ளைகள் உட்கார முடிந்தது.

தாழ்வாகவும் சமமாகவும்

ஆல்ஃபா ரோமியோ நிறுவனம் வேறு இரண்டு வழிகளைத் தேடியது. 1971இல் அறிமுகமாகி, நேப்பிள்ஸ் நகரத்துக்கு அருகே செய்யப்பட்ட ஆல்ஃபாசுட் காரில் சிலிண்டர்கள் நிமிர்ந்து நிற்காமல், எதிரெதிராகப் படுத்திருந்தன. அதனால் எஞ்சின் தாழ்ந்தது, காரின் ஈர்ப்பு மையமும் தாழ்ந்தது. வளைவில் கார் சாயும்போது எடை வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு நகரும். எடை கூடினால் டயரின் பிடிமானமும் கூடும் என்றாலும் அதே விகிதத்தில் கூடாது. ஆகையால் நான்கு டயர்களும் சுமையைப் பங்கிட்டுக்கொண்டால்தான் மொத்தப் பிடிமானம் அதிகம். ஈர்ப்பு மையம் தாழ்ந்தால் இந்த எடை நகர்வு குறைகிறது. இந்த முறையில் பயணிகளின் இடத்தை யாரும் பறிக்கவில்லை.

1972இல் வந்த ஆல்ஃபெட்டா காரில் எஞ்சினை முன்னால் வைத்து, கியர்பாக்ஸைப் பின் அச்சுக்குக் கொண்டுபோனார்கள். முன்னும் பின்னும் எடை கிட்டத்தட்டச் சமமாயிற்று. இது நம் சோதனையின் இரண்டாம் பாதி அல்லவா? எடை இரு பக்கமும் இருப்பதால் கார் நிதானமாகத் திரும்பும், எளிதில் சுழலாது. நடுவில் நான்கு பேர் தாராளமாக உட்காரலாம். கியர் கம்பிக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே தூரம் கூடியதால், கியர் மாற்றுவது மட்டும் அவ்வளவு மென்மையாக இல்லை.

ஒரே வீட்டுப் பிள்ளைகள்

அண்மைக் காலத்து ஆல்ஃபா ரோமியோ கார்கள் இரண்டை அருகருகே நிறுத்திப் பார்ப்போம். 2013இல் வந்த 4சி, எக்ஸ் 1/9இன் வழிவந்தது. எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால், இரண்டே இருக்கை. மனிதர்கள் உட்காரும் தொட்டி போன்ற பகுதி முழுவதும் கார்பன் இழையால் ஆனது. அதன் எடை ஏறத்தாழ 65 கிலோ. எண்ணெய், பெட்ரோல் போன்றவை இல்லாமல் காரின் எடை 895 கிலோதான். எடை குறைவு என்பதால் ஸ்டியரிங்கைத் திருப்ப உதவும் பவர் ஸ்டியரிங்கைக்கூட விட்டுவிட்டார்கள். ஓடும்போது சாலையின் ஒவ்வொரு அசைவும் ஓட்டுபவரின் கைக்கு வந்து சேரும். நிறுத்துமிடத்தில் மெல்லத் திருப்பும்போதோ கை வலிக்கும். டிக்கியின் கொள்ளளவு 110 லிட்டர்.

2015இல் அறிமுகமான ஜூலியா குவாட்ரிஃபோலியோ நான்கு கதவுகள் கொண்டது. டிக்கி 480 லிட்டர். எஞ்சின் முன்னால் இருக்க, சக்தி பின்சக்கரங்களுக்குப் போகிறது. எஞ்சினைப் பின்னோக்கித் தள்ளி வைத்து, சுழலும் நீண்ட தண்டையும் பானெட்டையும் கார்பன் இழையில் செய்து, எடையை முன்னும் பின்னும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். எடை 1,500 கிலோவுக்கு மேல். அதன் எஞ்சினுக்கு 510 குதிரைத்திறன். 4சியில் அது 240.

இவற்றில் எது சிறந்தது என்று கேட்டால், யாருக்கு, எந்தச் சாலையில், எத்தனை பேரோடு என்று திருப்பிக் கேட்பவர்தான் நல்ல பொறியாளர். இயற்பியல் விதிகள் எல்லாக் காருக்கும் ஒன்றே. எதைப் பெற எதை விட்டுக்கொடுப்பது என்ற முடிவு மட்டுமே மனிதர்களுடையது. மின்சாரக் கார்களிலும் இந்தக் கணக்கு தொடர்கிறது. 2023இல் வந்த அபார்த் 500இ காரில் பேட்டரி தரைக்கடியில் இருப்பதால் ஈர்ப்பு மையம் தாழ்ந்திருக்கிறது. ஆனால் பேட்டரியே பெரிய பளு.

உங்களுக்கு ஒரு வேலை

ஒரு தாளில் 4 மீட்டர் நீளமுள்ள காரை மேலிருந்து பார்ப்பதுபோல வரையுங்கள். அதற்குள் ஓர் எஞ்சின், ஒரு கியர்பாக்ஸ், ஒரு பெட்ரோல் டேங்க், நான்கு பேர், இரண்டு பெரிய பெட்டி ஆகிய எல்லாவற்றையும் அடக்க வேண்டும். எதை நடுவில் வைப்பீர்கள், எதை ஓரத்துக்குத் தள்ளுவீர்கள்? எந்தச் சக்கரங்களை ஓட வைப்பீர்கள்? இதற்குச் சரியான விடை ஒன்று மட்டும் இல்லை. வரைந்து முடித்ததும் படத்துக்குக் கீழே, அந்தக் காரில் நீங்கள் எதை விட்டுக்கொடுத்தீர்கள், ஏன் என்று இரண்டு வரி எழுதுங்கள். அந்த இரண்டு வரியை நேர்மையாக எழுதத் தெரிந்தால் நீங்களும் வடிவமைப்பாளராகச் சிந்திக்கத் தொடங்கிவிட்டீர்கள்.