ஒரு கூட்டல் குறி செய்த வேலை

"பெரியப்பா, புரோகிராமில் தப்பே இல்லை. நேற்றுகூட நன்றாக ஓடியது" என்று என் தம்பி மகன் சாதித்துக்கொண்டிருந்தான்.

செம்பூரில் ஓர் அம்மாவுக்கு மறுநாள் காலை ஆபரேஷன். பி பாசிட்டிவ் ரத்தம் இரண்டு யூனிட் வேண்டும். வீட்டார் நம் அன்பர்களின் ரத்த தானப் பட்டியலைச் செல்போனில் தட்டிப் பார்த்தார்கள். 'யாரும் இல்லை' என்று வந்தது. பிறகு மாதுங்கா, சயான், தாராவி என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்து, ஒருவழியாக இரவு பதினோரு மணிக்கு ஆள் கிடைத்தது. அவர் அடுத்த தெருக்காரர். அவர் பெயரும் பட்டியலில் இருந்தது! அந்த அம்மா நலமாக வீடு திரும்பிவிட்டார். ஆனாலும் அந்த மூன்று மணி நேரம் என் மனத்தை உறுத்தியது. நோட்டுப் புத்தகத்தில் இருந்த பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லித் தூண்டியவன் நான்தான்.

பையன் பயன்படுத்தியது 'பிளாஸ்க்' என்ற சிறிய மென்பொருள் நூலகம். ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஆர்மின் ரோனாகர் 2010 ஏப்ரல் முதல் தேதி முட்டாள்கள் தின வேடிக்கையாகச் செய்த ஒன்றிலிருந்து பிறந்தது இது. பைத்தான் மொழியில் எழுதுவோர் இன்று உலகெங்கும் இதைக் கையாளுகிறார்கள். இதன் முக்கிய வேலை, வருகிற கேள்வியை உரிய இடத்துக்குத் திருப்பிவிடுவது. ஒரு வரியில் பாதையை எழுத வேண்டும். அதன் கீழே, அந்தப் பாதையில் கேள்வி வந்தால் ஓட வேண்டிய செயற்கூறை எழுத வேண்டும். ஸ்டேஷன் கேபினில் எந்த லீவரை இழுத்தால் வண்டி எந்த லைனுக்குப் போகும் என்று எழுதி வைத்திருப்போமே, அதே சங்கதிதான்.

நம்மவர்களுக்கு இதைவிடப் பழக்கமான உதாரணம் ரயில்வே ரிசர்வேஷன். ஊருக்குப் போக இங்கே டிக்கெட் வாங்கிவிடலாம். திரும்பி வரும் டிக்கெட்டுக்குத் தந்தி கொடுத்துவிட்டு, பதில் வருமா வராதா என்று காத்திருந்த காலம் பலருக்கும் நினைவிருக்கும். தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்தராபாத் ஆகிய ஐந்து மையங்களின் கம்ப்யூட்டர்களும் 'கன்செர்ட்' என்ற ஏற்பாட்டின்படி 1999-இல் ஒன்றாக இணைக்கப்பட்டன. அதன் பிறகு, சென்னை மையத்தின் பொறுப்பில் உள்ள ஒரு வண்டிக்கு மும்பை கவுண்டரில் இடம் கேட்டால், கேள்வி சென்னைக்குப் போய்ப் பதிலுடன் திரும்பும். எந்த வண்டி எந்த மையத்தைச் சேர்ந்தது என்று பார்த்துத் திருப்பிவிடுவதில்தான் எல்லாம் இருக்கிறது. பையனின் பட்டியல் அதன் கடுகளவு உருவம்.

சரி, தப்பு எங்கே? இரவெல்லாம் உட்கார்ந்து தேடினோம். (தேடியவன் அவன், நான் காபி போட்டேன்.) ஓ நெகட்டிவ் என்று கேட்டால் பெயர்கள் வந்தன. ஏ நெகட்டிவ், வந்தது. பி பாசிட்டிவ் கேட்டால் ஒன்றுமில்லை. நம் நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பாசிட்டிவ் வகையினர். பையனோ அபூர்வமான வகைதான் முக்கியம் என்று ஓ நெகட்டிவை மட்டுமே சோதித்திருக்கிறான்!

இணைய முகவரியில் இடைவெளி விடக்கூடாது. அதனால் கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் பகுதியில் இடைவெளிக்குப் பதிலாகக் கூட்டல் குறி போடுவது பழைய வழக்கம். வாங்கிக்கொள்ளும் நூலகம் அந்தக் குறியை மீண்டும் இடைவெளியாக மாற்றிவிடும். 'பி+' என்று போனது, அங்கே 'பி'யும் ஒரு வெற்றிடமுமாகப் போய்ச் சேர்ந்தது. அப்படி ஒரு ரத்த வகை எந்த ஊரிலும் கிடையாது. உண்மையான கூட்டல் குறியை அனுப்ப, சதவீதக் குறி, 2, பி என்ற மூன்று எழுத்துக்களாக மாற்றி அனுப்ப வேண்டும். சாதாரண இணையப் படிவம் இதைத் தானே செய்துவிடும். செல்போன் பக்கத்தை எழுதிய தாராவி நண்பன் முகவரியைக் கையால் ஒட்டி எழுதியதால் அது நடக்கவில்லை. ஆகவே பிளாஸ்க்கின் மேல் பழி இல்லை.

ஆனால் என் கோபம் கூட்டல் குறியின் மேல் அல்ல, 'யாரும் இல்லை' என்ற அந்தப் பதிலின் மேல். சிக்னல் பிரிவில் முதல் நாளே சொல்லித் தருவது, கம்பி அறுந்தால் சிக்னல் கை தானாக ஆபத்து நிலைக்கு வர வேண்டும் என்பது. கோளாறு நேர்ந்தால் வண்டி நிற்கும், டிரைவர் விசாரிப்பார். இங்கே கம்பி அறுந்த பிறகும், கேள்வி புரிந்தது போலவே பதில் வந்தது. எச்.டி.டி.பி. முறையில் இதற்கென்றே எண்கள் உண்டு. 200 என்றால் சரி. 400 என்றால் கேள்வியில் பிழை. 404 என்றால் கேட்டது இங்கே இல்லை. புரியாத ரத்த வகைக்கு 400 கொடுத்திருந்தால் அந்த வீட்டார் உடனே எங்களைக் கூப்பிட்டிருப்பார்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். பெயரை நீக்குவதற்கும் அவன் 'கெட்' முறையையே வைத்திருந்தான். அது பார்ப்பதற்கு மட்டும் உரிய முறை. நீக்க 'டெலிட்' என்று தனியே இருக்கிறது. 2005-இல் கூகுள் நிறுவனம் வெளியிட்ட 'வெப் ஆக்சலரேட்டர்', பக்கத்தில் உள்ள இணைப்புகளை முன்கூட்டியே தானாகத் திறந்து பார்த்தது. நீக்கும் இணைப்புகளையும் திறந்தது. சில தளங்களில் பயனாளிகளின் குறிப்புகள் அழிந்துபோயின. இதைச் சொன்னதும் பையன் முகம் மாறியது. அன்றே திருத்தினான்.

இப்போது எட்டு வகை ரத்தமும் தனித்தனியாகச் சோதிக்கப்படுகின்றன. எட்டில் சேராத எதைக் கேட்டாலும் 'கேள்வி தவறு, இவரை அழையுங்கள்' என்று ஒரு தொண்டரின் எண் வருகிறது. தானம் செய்பவர்களின் எண்களோ தொண்டர்களுக்கு மட்டுமே தெரியும். 90 நாட்களுக்குள் ரத்தம் கொடுத்த ஆண்களின் பெயர் தற்காலிகமாக மறைந்துகொள்ளும்; பெண்களுக்கு 120 நாட்கள். பழைய நோட்டுப் புத்தகத்தை நான் தூக்கிப் போடவில்லை. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, கம்ப்யூட்டரில் புதிதாகச் சேர்ந்த பெயர்களை அதில் மையால் எழுதி வைக்கிறேன். பையன் சிரிக்கிறான், ஆனால் பெயர்களைப் படித்துச் சொல்வது அவன்தான்.