நீலப் புகை விடும் பழைய கார்! ஆயில் எங்கே போகிறது?

வால்பாறைக்கும் ஆழியாறுக்கும் இடையே உள்ள மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பழைய அம்பாசிடர் கார் ஒன்று அந்தப் பாதையில் இறங்கி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரைவர் அனுபவசாலி. பிரேக்கை மட்டும் நம்பாமல், 2-வது கியரில் வண்டியை அடக்கிப் பிடித்து இறக்குகிறார். ஆக்சிலேட்டரில் அவர் கால் இல்லை.

மலை முடிகிறது. சமதரை வருகிறது. டிரைவர் ஆக்சிலேட்டரை மிதிக்கிறார். "குப்" என்று காரின் பின்னால் நீல நிறத்தில் புகை கிளம்புகிறது!

பின்னால் வரும் பஸ்சில் இருப்பவர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். விவரம் தெரிந்த மெக்கானிக் ஒருவர் அந்தப் பஸ்சில் இருந்தால், "வால்வு கைடு தேய்ஞ்சு போச்சுங்க" என்று சொல்லுவார். காரைத் தொடாமலே நோயைச் சொல்லிவிட்டார்! எப்படி? புகையின் நிறம் ஒன்றைச் சொன்னது. புகை வந்த நேரம் மற்றொன்றைச் சொன்னது.

அம்பாசிடர் கார் உற்பத்தி 2014-ம் ஆண்டு நின்றது. மாருதி 800 காரும் அதே ஆண்டுதான் நின்றது. ஆகவே இன்று ஓடும் அம்பாசிடரும் மாருதி 800-ம் 10 வயதைத் தாண்டியவை. கோவை, பொள்ளாச்சி, ஈரோடு, நாமக்கல் பக்கம் இந்தக் கார்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பட்டறைகளில் இப்படிப் பேச்சு நடக்கும்:

"ஏனுங்ண்ணா, வண்டி ஆயில் குடிக்குதுங்க. என்ன பண்ணலாமுங்க?"

"என்ஜினை இறக்கோணுமுங்க."

இதைக் கேட்டதும் கார் வைத்திருப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். என்ஜினை இறக்கி, போர் பண்ணி, புதுப் பிஸ்டன் போடுவது பெரிய செலவு. மகளின் காலேஜ் பணத்தில் கை வைக்க வேண்டி வரலாம். சில கார்களுக்கு அந்த வேலை வேண்டியதுதான். ஆனால் வேறு பல கார்களில், கெட்டுப்போனது விரல் நுனி அளவுள்ள ஒரு ரப்பர் வளையமாக இருக்கும். எது என்று பார்க்காமல் பணத்தை எண்ணி வைக்கக் கூடாது.

கைப்பம்பு வாஷர்

என்ஜினுக்குள் ஆயிலுக்கு என்ன வேலை?

கிணற்றில் கவலை இறைத்த காலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உருளைக்கு எண்ணெய் விடாவிட்டால் "கிரீச், கிரீச்" என்று ஊரையே கூட்டும். தேய்ந்தும் போகும். அது நிமிடத்துக்குச் சில சுற்றுதான் சுற்றும். கார் என்ஜினோ நிமிடத்துக்கு 2,000 சுற்று, 3,000 சுற்று சுற்றுகிறது. இரும்பும் இரும்பும் நேராக உரசினால் சில நிமிடங்களில் என்ஜின் இறுகி நின்றுவிடும். நடுவில் மெல்லிய படலமாக நின்று காப்பாற்றுவது ஆயில்.

கைப்பம்பைப் பாருங்கள். குழாய்க்குள் ஏறி இறங்கும் தடியின் நுனியில் ஒரு தோல் வாஷர் இருக்கிறது. அது தேய்ந்தால், எவ்வளவு அடித்தாலும் தண்ணீர் ஏறாது. காரின் பிஸ்டனும் இப்படித்தான் சிலிண்டருக்குள் ஏறி இறங்குகிறது. தோல் வாஷருக்குப் பதில் இரும்பு வளையங்கள். பெரும்பாலும் 3 இருக்கும். மேலே உள்ள இரண்டும் வெடிப்பின் அழுத்தம் கீழே போகாமல் தடுக்கின்றன. அடியில் இருப்பது ஆயில் ரிங். சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலை வழித்துக் கீழே தள்ளுவது அதன் வேலை. தோசைக்கல்லில் மிஞ்சிய எண்ணெயைத் துணியால் துடைத்து எடுப்பது போல!

அது தேய்ந்தாலும், கரி பிடித்து அசையாமல் போனாலும் ஆயில் மேலே தங்கும். பெட்ரோலோடு சேர்ந்து எரியும். அதுதான் நீலப் புகை.

ஆயில் போக இன்னொரு வழி மேலே இருக்கிறது. வால்வுகள் ஏறி இறங்குவதற்குக் குழல் மாதிரி ஒரு வழி உண்டு. அதற்குத்தான் வால்வு கைடு என்று பெயர். அங்கே ஆயில் ஒழுகாமல் தடுக்க ஒரு ரப்பர் சீல் இருக்கும். சூட்டில் வெந்து வெந்து, சில வருஷங்களில் அந்த ரப்பர் கல்லாகிவிடும். பிறகு ஆயில் சொட்டும்.

ஒவ்வொரு தடவையும் போவது மிகக் கொஞ்சம்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 4 சிலிண்டர் கார், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் 1,000 கிலோமீட்டர் போகிறது. என்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றுகிறது. மொத்தம் 20 மணி நேரத்தில் 48 லட்சம் வெடிப்புகள்! 1 லிட்டர் ஆயிலில் சுமார் 20 ஆயிரம் துளி. அதாவது 240 வெடிப்புக்கு 1 துளி வீதம் போனாலே 1 லிட்டர் காலி!

எவ்வளவு குறைந்தால் பயப்பட வேண்டும்? 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் முதல் 1 லிட்டர் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று கார் கம்பெனிகள் பல சொல்லுகின்றன. இது கம்பெனிகளுக்கு வசதியான கணக்கு என்றே தோன்றுகிறது. மாருதி 800 என்ஜின் மொத்தமே ஏறக்குறைய 3 லிட்டர் ஆயில்தான் பிடிக்கும். அதில் 1 லிட்டர் போனால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது அல்லவா?

புகை சொல்லும் சேதி

முதலில் நிறத்தைப் பாருங்கள். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. என்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை விடாமல் வந்தால், ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது.

அடுத்தது நேரம். இரவு முழுவதும் நின்ற காரை காலையில் கிளப்புகிறீர்கள். நீலப் புகை ஒரு தடவை வந்து, பிறகு நின்றுவிடுகிறது. இரவில் வால்வு வழியாகச் சொட்டிய ஆயில்தான் எரிந்தது. மலை இறங்கி ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது புகை வருவதும் வால்வின் வேலையே. ஆக்சிலேட்டரை விட்டு இறங்கும்போது என்ஜின் காற்றுக்குத் தவிக்கும். கிடைத்த சந்து வழியாக எல்லாம் உறிஞ்சும். வால்வு கைடு வழியாக ஆயிலையும் உறிஞ்சிவிடும்.

மாறாக, மேடு ஏறும்போது, ஆட்களை ஏற்றிக்கொண்டு வேகம் எடுக்கும்போது புகை விடாமல் வந்தால், பிஸ்டன் ரிங் மேல் சந்தேகப்பட வேண்டும்.

புகையே இல்லை, ஆனால் ஆயில் குறைகிறது. அப்போது? ராத்திரி காரின் அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் எந்த இடத்தில் கறை இருக்கிறது என்று பாருங்கள். டேப்பட் கவர் கேஸ்கெட், ஆயில் பில்டர், ஆயில் சம்ப் போல்ட்டு ஆகியவைதான் வழக்கமான குற்றவாளிகள். அம்பாசிடரின் பழைய 1489 சி.சி. என்ஜினில் ஒரு விசேஷம் உண்டு. கிராங்க் ஷாப்ட்டின் பின் நுனியில் ரப்பர் சீல் கிடையாது. திருகு மரை மாதிரி வெட்டிய வரிகள், கசியும் ஆயிலை உள்ளே திருப்பி விடும். ஆகவே அங்கே கொஞ்சம் ஈரம் இருந்தால் பதறத் தேவை இல்லை.

ஆனால் அங்கிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகினால், என்ஜினின் மூச்சுக் குழாயைப் பார்க்க வேண்டும். என்ஜினின் அடி வயிற்றில் சேரும் வாயு வெளியேற ஒரு குழாய் இருக்கிறது. மெக்கானிக்குகள் பிரீதர் என்பார்கள். அது அழுக்கால் அடைத்துக்கொண்டால், உள்ளே அழுத்தம் ஏறி, ஆயிலைச் சந்து பொந்து வழியாக எல்லாம் வெளியே தள்ளும். குழாயைக் கழற்றிக் கழுவி மாட்டினாலே பல கார்களில் ஒழுக்கு குறைந்துவிடும். இதற்குக் காசு செலவே இல்லை. ஆனாலும் முதலில் பார்க்க வேண்டிய இதைத்தான் பலர் கடைசியில் பார்க்கிறார்கள்!

அளவுக்கு மேல் ஆயில் ஊற்றுவதும் தப்பு. "குறையுதே, கூடவே ஊத்தி வைப்போம்" என்று ஊற்றினால், சுழலும் கிராங்க் ஷாப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். அந்த ஆயிலும் எரிந்து போகும். சமதரையில் காரை நிறுத்தி, என்ஜினை அணைத்து, சில நிமிடம் பொறுத்து, அளவுக் கம்பியைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவே இருந்தால் போதும்.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, தேதி, கிலோமீட்டர், ஊற்றிய ஆயில் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். 2 மாதத்தில் கணக்கு தெரிந்துவிடும். "நிறையக் குடிக்குதுங்க" என்று பட்டறையில் சொல்லுவதைவிட, "800 கிலோமீட்டருக்கு அரை லிட்டர்" என்று சொன்னால் மெக்கானிக் கவனமாகக் கேட்பார்.

ஒரு ஸ்பூன் ஆயில்

வால்வா, ரிங்கா என்று இன்னும் சந்தேகமா? பட்டறையில் அழுத்தம் பார்க்கும் மீட்டர் இருக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் மீட்டரை வைத்து என்ஜினைச் சுழற்றுவார்கள். அழுத்தம் குறைவாகக் காட்டினால், அதே துவாரத்தில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். இப்போது முள் நன்றாக ஏறினால், ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கின்றன. விட்ட ஆயில் கொஞ்ச நேரம் சந்தை அடைத்தது. அதனால்தான் அழுத்தம் ஏறியது. முள் ஏறவே இல்லை என்றால், அழுத்தம் வால்வு வழியாகப் போகிறது. ஆரம்பத்திலேயே அழுத்தம் நன்றாக இருந்து, காலையில் மட்டும் புகை வந்தால், வால்வு சீலை மாற்றினால் போதும். "என்ஜினை இறக்கோணும்" என்று யாராவது சொன்னால், இந்தச் சோதனை செய்தாகிவிட்டதா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

வால்வு சீலை மாற்ற என்ஜினை இறக்க வேண்டியதில்லை. பல கார்களில் ஹெட்டைக்கூடக் கழற்றாமல் மாற்றலாம். ஸ்பிரிங்கை எடுத்ததும் வால்வு சிலிண்டருக்குள் விழுந்துவிடும் அல்லவா? அதற்குக் கைதேர்ந்த மெக்கானிக்குகள் ஒரு தந்திரம் செய்வார்கள். பிளக் துவாரம் வழியாக ஒரு கயிற்றை உள்ளே விட்டு, பிஸ்டனை மேலே ஏற்றுவார்கள். சுருண்ட கயிறு வால்வைத் தாங்கிக்கொள்ளும். கயிற்றின் ஒரு நுனி மட்டும் வெளியே இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் இழுத்து எடுத்துவிடலாம். ஆனால் கைடே தேய்ந்திருந்தால் ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

கழற்றிப் பார்த்துத் தொழில் கற்பது கோவைக்குப் புதிதல்ல. 1893-ம் ஆண்டு கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி.டி.நாயுடு, ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டார். ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து, அதை விலைக்கு வாங்கினார். பிறகு அக்கு அக்காகக் கழற்றி, மறுபடி பூட்டிப் பழகினார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே சொந்தப் பஸ்சை ஓட்டினார். அவர் பெயரால் கோவை அவிநாசி சாலையில் 2015-ல் திறக்கப்பட்ட கார் மியூசியத்தில் பழைய கார்களைக் குழந்தைகளுக்குக் காட்டலாம்.

கெட்டியான ஆயில் உதவுமா? கொஞ்சம் உதவும். டப்பாவில் 20டபிள்யூ-50 என்று போட்டிருந்தால், முதல் எண் குளிரில் ஆயில் எப்படி இருக்கும் என்பதைக் குறிக்கும். இரண்டாவது எண் சூட்டில் அதன் கெட்டியைக் குறிக்கும். அம்பாசிடர் போன்ற பழைய என்ஜினுக்கு இது பொருந்தும். புது மாதிரிக் கார்களில் ஆயில் போகும் வழி மிகக் குறுகலாக இருக்கும். அவற்றில் கம்பெனி சொன்னதற்கு மேல் கெட்டியான ஆயிலை ஊற்றக் கூடாது. கடையில் விற்கும் "புகை நிறுத்தும் மருந்து" உலர்ந்த ரப்பரைக் கொஞ்சம் ஊற வைக்கலாம். தேய்ந்த இரும்பை அது வளர்த்துவிடாது.

ஆயில் எரிவதே வழக்கமாக இருந்த என்ஜின்களும் உண்டு! முதல் உலகப் போரில் பறந்த பல விமானங்களுக்கு ஆமணக்கு எண்ணெய்தான் ஆயில். ஒரு தடவை ஓடிய எண்ணெய் திரும்பி வராது. புகையோடு வெளியே போய்விடும். விமானம் ஓட்டியவர் முகமெல்லாம் எண்ணெய்! காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கு எண்ணெயின் ஆங்கிலப் பெயரில் இருந்து வந்ததுதான். அதற்காக வீட்டு விளக்கெண்ணெயை இன்றைய காரில் ஊற்றிவிடாதீர்கள். பிசின் பிடித்து என்ஜின் பாழாகும்.

போர் பண்ணிய பிறகு

சோதனையில் ரிங்தான் குற்றவாளி என்று தெரிந்தால் செலவு செய்துதான் ஆக வேண்டும். அப்போதும் அளவு பார்க்கச் சொல்லுங்கள். சிலிண்டர் அதிகம் தேயாமல் இருந்தால், உட்சுவரை லேசாகச் சுரண்டிவிட்டு ரிங் மட்டும் மாற்றலாம். முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால், போர் பண்ணி, பெரிய பிஸ்டன் போட வேண்டும். பட்டறையில் 20, 40, 60 சைஸ் என்று சொல்லுவது, அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு பெரிது என்பதைக் குறிக்கும்.

சிலிண்டர் ஏன் சீக்கிரம் தேய்ந்தது என்றும் கேளுங்கள். ஆடிக் காற்றில் பல்லடம், உடுமலைப் பக்கம் புழுதி எப்படிப் பறக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஏர் பில்டர் கிழிந்திருந்தால் அந்தப் புழுதி நேராக உள்ளே போய், உப்புத்தாள் மாதிரி சிலிண்டரைத் தேய்க்கும். அதை மாற்றாமல் புதுப் பிஸ்டன் போட்டால், அதுவும் அதே கதிதான்.

புது ரிங் போட்ட கார் முதல் 1,000 கிலோமீட்டர் வரை கொஞ்சம் ஆயில் குடிக்கும். ரிங் இன்னும் சுவரோடு பழகவில்லை. ஒரே வேகத்தில் நெடுந்தூரம் ஓட்டாதீர்கள். பாரம் ஏற்றி, பெரிய கியரில் திணற விடாதீர்கள். வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுங்கள். வால்பாறை, ஊட்டிப் பயணத்தைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கள். முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றிவிடுங்கள். அதில் இரும்புத் தூள் இருக்கும்.

எந்தக் காராக இருந்தாலும், போகிற வழியில் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் "அடுத்த ஊர் வரை போய்விடலாம்" என்று நினைக்காதீர்கள். ஆயில் அழுத்தம் மிகவும் இறங்கிய பிறகுதான் அந்த விளக்கு எரியும். உடனே ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்துவிடுங்கள். டிக்கியில் ஒரு லிட்டர் டப்பா இருந்தால், அளவு பார்த்து ஊற்றுங்கள். அதன் பிறகும் விளக்கு அணையாவிட்டால் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துத்தான் போக வேண்டும்.