“ஏன்?” என்று 5 தடவை கேளு! ஒரகடம் ஆலைகளில் மூளைக்கும் வேலை

காலை 5 மணி. ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் பக்கம் எங்கே பார்த்தாலும் கம்பெனி பஸ்கள். சீருடை போட்ட இளைஞர்களும் பெண்களும் அரைத்தூக்கத்தில் ஏறுகிறார்கள். காலை ஷிப்டுக்குப் போகிற கூட்டம் அது.

ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாகக் கிடந்த பூமி. 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாராகத் தொடங்கியது. 2010ல் ஒரகடத்தில் ரெனால்ட்–நிஸான் கார் ஆலை திறந்தது. 2012ல் டைம்லர் லாரி, 2013ல் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள். அவற்றைச் சுற்றி திருகாணி முதல் சீட் வரை செய்கிற சின்ன, பெரிய கம்பெனிகள்.

இந்த மாதிரி ஆலைகளில் சுவரில் ஒரு பலகை தொங்கும். “முன்பு”, “பின்பு” என்று இரண்டு போட்டோ ஒட்டியிருக்கும். முன்பு கருவியை எடுக்க 10 அடி நடந்தார்கள். பின்பு கைக்கு எட்டும் இடத்தில் கொக்கி மாட்டிவிட்டார்கள். யோசனை சொன்னது இன்ஜினீயர் அல்ல, லைனில் நிற்கிற தொழிலாளி! இதற்குப் பெயர் “கைசன்”. ஜப்பான் வார்த்தை. “இன்னும் நல்லதாக மாற்று” என்று அர்த்தம்.

யோசிப்பதையும் சொல்லித்தர முடியுமா? முடியும் என்றுதான் வகுப்பு நடத்துகிறார்கள்.

அந்த வகுப்பில் சொல்லும் பிரபலமான பாடம் டொயோட்டா கம்பெனியின் ஓனோ என்பவர் எழுதி வைத்த மெஷின் கதை. நம்ம ஊர் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்:

“தம்பி, மெஷின் ஏன் நின்னுச்சு?”

“பியூஸ் போயிடுச்சு, அண்ணே.”

“ஏன் போச்சு?”

“லோடு அதிகம். பேரிங்ல எண்ணெய் இல்லே.”

“ஏன் இல்லே?”

“பம்பு சரியா எண்ணெயை இழுக்கலே.”

“ஏன் இழுக்கலே?”

“பம்பு ஷாப்ட் தேஞ்சு போச்சு.”

“அது ஏன் தேஞ்சுது?”

“சல்லடை இல்லே அண்ணே. இரும்புத்தூள் உள்ளே பூந்துடுச்சு!”

5 தடவை “ஏன்”. பியூஸை மட்டும் மாற்றியிருந்தால் மறுநாளும் மெஷின் நின்றிருக்கும். ஒரு சல்லடை போட்டதும் விஷயம் முடிந்தது.

2 ஸ்பிரிங், 1 தட்டு

இதைவிட சுவாரசியமானது ஸ்பிரிங் கதை. 1961ல் ஜப்பானில் ஒரு மின்சார கம்பெனி. சுவிட்ச் ஒன்றுக்கு 2 ஸ்பிரிங் வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அவ்வப்போது ஒரு ஸ்பிரிங்கை வைக்க மறந்துவிடுவார்கள். மேலதிகாரி திட்டுவார். ஒரு வாரம் ஒழுங்காக நடக்கும், மறுபடியும் பழைய குருடி!

ஷிகியோ ஷிங்கோ என்ற நிபுணர் போய்ப் பார்த்தார். யாரையும் திட்டவில்லை. ஒரு சின்னத் தட்டு கொடுத்தார். முதலில் 2 ஸ்பிரிங்கை எடுத்து தட்டில் வை, பிறகு சுவிட்சில் மாட்டு என்றார். வேலை முடிந்தும் தட்டில் ஸ்பிரிங் கிடந்தால், மறந்துவிட்டோம் என்று தானே தெரியும். தட்டுக்கு என்ன விலை வந்திருக்கும்? ஒரு டீ காசு!

இந்த முறைக்கு முதலில் “பாகா–யோகே” என்று பெயர் வைத்தார்கள். “முட்டாளும் தப்பு செய்ய முடியாத ஏற்பாடு” என்று அர்த்தம். 1963ல் ஒரு கார் பாடி கம்பெனியில் இதை விளக்கியபோது, லைனில் இருந்த ஒரு பெண் அழுதே விட்டார். தன்னை முட்டாள் என்று நினைத்துவிட்டார்களே என்ற வேதனை அவருக்கு. உடனே பெயரை மாற்றினார்கள். “போகா–யோகே”: கவனப்பிசகைத் தடுக்கும் ஏற்பாடு. இன்றைக்கு ஒரகடத்தில் டிப்ளமோ படித்த பையனைக் கேட்டால்கூட இந்தப் பெயரைச் சொல்வான். பெயர் மாறக் காரணம் ஒரு தொழிலாளிப் பெண்ணின் கண்ணீர் என்பதைச் சொல்வானா, சந்தேகம்தான்.

பாடியில் கிடைத்த பரிசு

தொழிலாளர்கள் சிறு குழுவாக உட்கார்ந்து யோசிக்கும் “தர வட்டம்” 1962ல் ஜப்பானில் பிறந்தது. பேராசிரியர் இஷிகாவா அதற்கு வழிகாட்டி. இந்தியாவுக்கு வந்தது 1980ல், ஐதராபாத் ‘பெல்’ ஆலையில். தமிழ்நாடும் சளைத்ததல்ல. 1998ல் ஜப்பானின் டெமிங் பரிசை இந்தியாவிலேயே முதல் முதலாக வாங்கியது சென்னை பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு. 2002ல் டி.வி.எஸ். மோட்டாரும் வாங்கியது.

கேள்வி கேட்டால் பெஞ்சு மேல்

கதை பள்ளிக்கூடத்தில்தான் தொடங்குகிறது. “வாயை மூடு, கையைக் கட்டு” என்று 12 வருஷம் பழக்கிவிட்டு, 18 வயதில் ஆலைக்கு வந்ததும் “யோசனை சொல்லு” என்றால் எப்படிச் சொல்வான்?

தமிழ்நாட்டில் இதை மாற்ற ஒரு முயற்சி நடந்தது. 2003ல் சென்னை மாநகராட்சி கமிஷனராக இருந்த விஜயகுமார், ஆந்திராவில் ரிஷிவேலி பள்ளி நடத்தும் முறையைத் தழுவி, மாநகராட்சி பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைக் கொண்டுவந்தார். பெஞ்சு போச்சு, பாய் வந்தது. வாத்தியாரும் தரையில் உட்கார்ந்தார். கரும்பலகை குழந்தைகளுக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கியது. பிள்ளைகள் தாங்களே அட்டையை எடுத்து, அவரவர் வேகத்தில் படித்தார்கள். 2007–08ல் இது மாநிலம் முழுவதும் அரசு தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது.

குறை இல்லாமல் இல்லை. ஒரு டீச்சர், நாலு வகுப்புப் பிள்ளைகள், நூற்றுக்கணக்கான அட்டைகள் என்றால் சமாளிப்பது சிரமம். மேல் வகுப்பு போனதும் மறுபடி மனப்பாடம், மார்க்கு.

அன்று பாயில் உட்கார்ந்து அட்டை எடுத்த பிள்ளைகளுக்கு இன்று 20 வயதுக்கு மேல் ஆகிவிட்டது. விடிகாலை பஸ்சில் தூங்கி வழிகிறவர்களில் அவர்களும் உண்டு.

இப்போது அரசு ஐ.டி.ஐ.க்களையும் புதுப்பித்திருக்கிறார்கள். டாட்டா டெக்னாலஜீஸ் கம்பெனியோடு சேர்ந்து 71 ஐ.டி.ஐ.க்களில் 2,877 கோடி ரூபாய் திட்டம். 2023ல் முதல்–அமைச்சர் மு.க.ஸ்டாலின் ஒரகடம் ஐ.டி.ஐ.யில் தொழில்நுட்ப மையத்தைத் திறந்து வைத்தார். ரோபோ, கம்ப்யூட்டர் கடைசல் எல்லாம் வந்துவிட்டன. வருகிற பையன் கேள்வி கேட்பானா என்பது வாத்தியார் கையில் இருக்கிறது.

யோசனை யாருடையது?

இங்கேதான் சிக்கல். ஒரு தொழிலாளி யோசனை சொல்கிறார். அதனால் 4 பேர் செய்த வேலையை 3 பேர் செய்யலாம். சரி, அந்த 4வது ஆள் எங்கே போவான்? அவன் கான்டிராக்ட் தொழிலாளி என்றால் மறுநாள் கேட்டில் பாஸ் வேலை செய்யாமல் போகலாம். அந்த பயம் இருக்கும்வரை வாய் எப்படித் திறக்கும்?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. “மாதம் இத்தனை யோசனை” என்று கணக்கு வைத்துவிட்டால், மாதக் கடைசியில் “மேஜைக்கு பெயிண்ட் அடிக்கலாம்”, “பெட்டிக்கு லேபிள் ஒட்டலாம்” என்று எழுதிப் போடுவார்கள். பலகை நிரம்பும்!

டொயோட்டாவில் யோசனைத் திட்டம் வந்தது 1951ல். அமெரிக்காவில் போர்டு கார் கம்பெனியைப் பார்த்துவிட்டு வந்து தொடங்கினார்கள். அதற்கு முந்திய வருஷம் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1950ல் ஆட்குறைப்பு. பெரிய வேலைநிறுத்தம். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியே போனார்கள். கம்பெனி தலைவர் கீச்சிரோ டொயோடாவும் ராஜினாமா செய்தார்! அதன் பிறகு வேலைக்கு ஆபத்து வராது என்ற நம்பிக்கை மெல்ல வளர்ந்தது. 1962ல் நிர்வாகமும் தொழிற்சங்கமும் சேர்ந்து கூட்டு அறிக்கையே வெளியிட்டன. யோசனைகள் குவிந்தது அப்படித்தான்.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்கும் இது தெரியாத கதை அல்ல. 2006ல் கோலாகலமாகத் தொடங்கிய நோக்கியா செல்போன் ஆலை 2014ல் மூடப்பட்டு, ஆயிரக்கணக்கானவர்கள் வீட்டுக்குப் போனார்கள். 2024ல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். முக்கிய கோரிக்கை, சங்கத்துக்கு அங்கீகாரம். எங்கள் பேச்சையும் கேளுங்கள் என்பதுதான் அது.

யோசனைப் பெட்டியில் சீட்டுப் போடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். சீட்டில் பெயரையும் தேதியையும் தெளிவாக எழுதி, ஒரு நகல் கையில் வைத்துக்கொள்வது நல்லது. பரிசு கொடுக்கும் நாளில் சூப்பர்வைசர் மாறியிருக்கலாம்.